முதற் கேள்வி

304 விளையாடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. முதலில் ஆளுக்கு நாலு கடதாசிதான் வரும். மற்ற நாலும் பிறகு. அந்த முதல் நாலை வைத்துக்கொண்டுதான் 160 கேட்பதா, 200 கேட்பதா, பேசாமல் விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். கேள்வி எங்களிடம் வந்து நின்றுவிட்டால் துரும்பையும் அந்த நாலிலிருந்தே உருவிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். பாதிக் கையைப் பார்த்து முழுக் கைக்கும் உத்தரவாதம் கொடுக்கிற ஆட்டம் இது. நாலில் மூன்று ஒரே வகையாக வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. நாலும் நாலு வகையாக வந்தாலும் யோசிக்க ஒன்றுமில்லை, வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். இரண்டு இரண்டாக வரும்போதுதான் வில்லங்கம்.

(வகை என்று எழுதுகிறோம். ஊரில் காட்ஸ் மேசையில் சாதி என்றுதான் சொல்வார்கள். ஒரு சஞ்சிகையில் அதை எழுதக் கை கூசுகிறது. இனம் என்று எழுதலாமா என்று பார்த்தால் அதற்கும் கூசுகிறது. வகை போதும்.)

நாங்கள் நாலு பேர். ரொக்ஸ்பரோவில், குவன் வீதியில், ஒரு ரெஸ்ரோறன்றின் குசினியில் வேலை. இரண்டு பேர் அடுப்பில், ஒருவர் கோப்பை கழுவுகிற இடத்தில், ஒருவர் காரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர். ரொக்ஸ்பரோ மொன்றியல் தீவின் வடமேற்குக் கரையில் உள்ள சின்ன இடம். 2002 இல் மொன்றியலோடு சேர்க்கப்படும் வரைக்கும் தனி நகரமாக இருந்தது. எங்கள் ஆட்கள் முதலில் வந்து இறங்குகிற கோட் டெ நேஜ், பார்க் எக்ஸ்ரென்சன் பக்கங்களிலிருந்து இங்கே வருவதற்கு முன்பு ஒரு ரயில் இருந்தது. 2020 முடிவோடு அது நின்றது. ஐந்து வருடம் பஸ்ஸில் அலைந்த பிறகு 2025 நவம்பரில் சாரதி இல்லாத புதிய ரயில் வந்தது. அதற்குள் எங்களில் இரண்டு பேர் கார் வாங்கிவிட்டோம்.

திங்கட்கிழமை கடை பூட்டு. அன்றைக்கு எங்கள் நிலவறை அறையில் 304. வாரத்தில் ஆறு நாளும் நின்று வேலை செய்கிற கால்களுக்கு அது ஒன்றுதான் இருக்கை. 2017 மே மாதம் ஆறு பெருகி பியர்ஃபோன், ரொக்ஸ்பரோக் கரையோரத் தெருக்களுக்குள் வந்தபோது கடை சில நாட்கள் திறக்கவில்லை. அந்த நாட்களில் பகல் இரவு பாராமல் விளையாடினோம். எங்கள் நிலவறைக்குள் தண்ணீர் வரவில்லை, வந்திருந்தாலும் மேசையைத் தூக்கி மேலே வைத்திருப்போம்.

இனி அந்த இரண்டு இரண்டு விஷயம். எங்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானபீடத்தில் இரண்டாம் வருடத்தோடு எழும்பி வந்தவர். இதை எழுதுகிற கையும் அவருடையதுதான். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவர் கணக்குப் போட்டுச் சொன்னது இது. 32 கடதாசியில் நாலு எடுக்கும் வழிகள் 35,960. அதில் இரண்டு இரண்டாக வருவது 4,704. ஏறத்தாழ நூறுக்குப் பதின்மூன்று. ஒரு திங்கட்கிழமைக்கு முப்பது நாற்பது கை போடுகிறோம். ஆகவே ஒவ்வொருவருக்கும் நாலைந்து தரம் இந்தத் தலையிடி வந்தே தீரும்.

ஒரு கையை எடுங்கள். ஸ்பேட் ஜாக், ஸ்பேட் ஏழு. ஹாட்ஸ் ஒன்பது, ஹாட்ஸ் ஏஸ். இங்கு பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறோம்: 304 இல் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கு 304. பெயர் அப்படித்தான் வந்தது. இந்தக் கையில் 61 இருக்கிறது. 160 கேட்கலாம். எது துரும்பு?

மேசையில் இரண்டு கட்சி. ஒரு கட்சி ஸ்பேட் என்கிறது. துரும்பு ஜாக் கையில் இருந்தால் அதை ஒருவரும் அசைக்க முடியாது, நித்திரையிலும் ஒரு பிடி நிச்சயம். மற்றக் கட்சி ஹாட்ஸ் என்கிறது. ஸ்பேட் ஜாக் தன் வகையில் எப்படியும் ராசாதான், அதற்குக் காவல் எதற்கு? காவல் தேவைப்படுவது ஒன்பதுக்கும் ஏஸுக்கும். இதற்கு முதல் கட்சியின் பதில்: ஹாட்ஸ் ஜாக் எதிரியிடம் கிடந்து உங்கள் ஒன்பதை விழுங்கினால் ஒரே வாயில் 50.

நீளத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது. இரண்டிலும் இரண்டு இரண்டு கையில் இருக்கிறது, இரண்டிலும் ஆறு ஆறு வெளியே இருக்கிறது. அடுத்து வரப்போகிற நாலில் எந்த வகை வரும் என்பதற்கு ஒரே அளவு வாய்ப்புத்தான். எதைக் கவிழ்த்தாலும் அதே வகையில் இன்னொன்றாவது வந்து சேர்வது நூறுக்கு அறுபத்துநாலு தரம். மற்ற முப்பத்தாறு தரமும் இரண்டு துரும்போடு விழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஹாட்ஸ் ஜாக் எங்கே? காணாத கடதாசி 28. அதில் நாலு எங்களுக்கு வரும், எட்டு பாட்னருக்கு, பதினாறு எதிரிகளுக்கு. ஏழில் மூன்று பங்கு எங்கள் பக்கம், நாலு பங்கு எதிர்ப்பக்கம். கணக்கு இவ்வளவு கிட்ட வந்து நின்றுவிடுகிறது. முடிவைச் சொல்வதில்லை.

பல வருடம் விளையாடி நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது: முதல் இறக்கம் எங்களுடையதென்றால் ஹாட்ஸைக் கவிழ்ப்போம். ஸ்பேட் ஜாக்கை உடனே போட்டு, யாருக்கும் ஸ்பேட் தீருமுன் அந்தப் பிடியை எடுத்துவிடலாம். இறக்கம் வேறு ஆளுடையதென்றால் ஸ்பேட். அப்போது ஜாக் வெளியில் காத்திருந்து வெட்டு வாங்குவதை விடத் துரும்பாக உள்ளே இருப்பது நல்லது. இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் ரொறன்ரோவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களோடு ரெலிபோனில் சண்டை பிடித்தாயிற்று.

இந்தச் சண்டைக்குள்தான் மாஸ்ரர் வந்தார். இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கிறவர். 84 இல் வந்தவர். கொழும்பில் கந்தோரில் வேலை செய்த நாட்களில் பிரிட்ஜ் பழகியவர். உண்மையில் அவர் படிப்பித்ததே இல்லை. வெள்ளைச் சேட்டும் கண்ணாடியும் அவரை மாஸ்ரர் ஆக்கிவிட்டன. 2002 ஆகஸ்டில் பிரிட்ஜ் உலகப் போட்டி மொன்றியலில் நடந்தபோது பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். எங்களுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு, வாய் திறக்காமல், ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அந்த இரண்டு கட்சியின் சத்தத்தையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உங்கட ஆட்டத்தில ஒரு வாய்தான் தம்பிமார். அதுதான் இவ்வளவு சண்டை. பிரிட்ஜில ரெண்டாம் வாய் வரும். அதுக்கு ஏத்தமாதிரி முதல் வாயைத் திறக்க வேணும்."

அப்படித்தான் பிரிட்ஜ் எங்களுக்குள் வந்தது. பிரிட்ஜில் 52 கடதாசி, ஆளுக்குப் பதின்மூன்று, எல்லாம் ஒரேயடியாகக் கைக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் கேள்வி. கேள்வியில் வகைகளுக்கு வரிசை உண்டு: கிளாவர் கீழே, அதற்கு மேல் டயமன், ஹாட்ஸ், ஸ்பேட், எல்லாவற்றுக்கும் மேல் துரும்பில்லாத ஆட்டம். ஒவ்வொரு கேள்வியும் முந்தினதை விட உயர வேண்டும். நாலு பேரும் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள், மூன்று பேர் அடுத்தடுத்து விட்டால் கேள்வி முடியும். ஆக ஒரு கேள்வி என்பது வெறும் தொகை அல்ல. எதிரில் இருக்கிற பாட்னருக்குச் சொல்லுகிற ஒரு வசனம். பாட்னர் அதற்குப் பதில் சொல்வார், அந்தப் பதிலுக்கு நீங்கள் இன்னொன்று சொல்ல வேண்டி வரும்.

ஸ்பேட்டில் ஐந்து, ஹாட்ஸில் ஐந்து என்று ஒரு கை வருகிறது. எதைத் திறப்பது? நாங்கள் எல்லோரும் 304 பழக்கத்தில், எதில் பெரிய கடதாசி இருக்கிறதோ அது என்றோம். மாஸ்ரர் இல்லை என்றார். ஐந்தும் ஐந்துமென்றால் வரிசையில் உயர்ந்தது முதலில். ஸ்பேட் ஏழை எளியதாய் இருந்தாலும் ஸ்பேட்தான். ஏனென்றால் 'ஒரு ஸ்பேட்' என்று தொடங்கி, அடுத்த தரம் 'இரண்டு ஹாட்ஸ்' என்றால் பாட்னருக்கு இரண்டும் தெரிந்துவிடும். ஹாட்ஸ் பிடித்தால் அவர் அப்படியே விடலாம். ஸ்பேட் பிடித்தால் 'இரண்டு ஸ்பேட்' என்று சொல்லி அதே படியில் நிற்கலாம். மாறாக ஹாட்ஸில் தொடங்கிவிட்டு 'இரண்டு ஸ்பேட்' என்று போனால், பழைய ஹாட்ஸுக்குத் திரும்ப பாட்னர் மூன்றாம் படிக்கு ஏற வேண்டும். கையில் பலமில்லாத நாளில் அந்த ஒரு படியில் விழுந்துபோவோம்.

ஒன்று ஐந்தும் மற்றது நாலுமென்றால் வரிசை பார்ப்பதில்லை, நீளமானதே முதலில். ஹாட்ஸ் ஐந்து, ஸ்பேட் நாலு என்றால் ஹாட்ஸைத் திறக்க வேண்டும். பிறகு ஸ்பேட்டைச் சொல்ல இரண்டாம் படி தேவைப்பட்டால், பதினேழு புள்ளியளவு பலம் இருந்தால்தான் சொல்லலாம். இல்லையென்றால் ஸ்பேட்டை மனதுக்குள் வைத்துக்கொண்டு ஹாட்ஸையே திரும்பச் சொல்ல வேண்டும். இருப்பதையெல்லாம் சொல்ல இடம் கிடைக்காத கைகளும் உண்டு. மாஸ்ரர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கோப்பை கழுவுகிறவர் மட்டும் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அதற்குப் பிறகு வருகிறோம்.

புள்ளி என்றது ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணுகிற கணக்கு. பொதுவாகப் பன்னிரண்டு பதின்மூன்று இருந்தால்தான் வாய் திறப்பார்கள். ஆனால் இரண்டு வகைக் கைக்கு ஒரு சலுகை இருக்கிறது. மார்ட்டி பேர்கன் என்ற அமெரிக்கர் பரப்பிய 'இருபது விதி': புள்ளியோடு நீளமான இரண்டு வகைகளிலும் உள்ள கடதாசிகளின் எண்ணிக்கையைக் கூட்டு. இருபது வந்தால் திற. ஸ்பேட்டில் ஏஸ், ஜாக், எட்டு, ஐந்து, இரண்டு. ஹாட்ஸில் கிங், குயின், ஏழு, நாலு, மூன்று. டயமனில் ஒரு ஆறு, கிளாவரில் ஒன்பதும் நாலும். புள்ளி பத்துத்தான். ஐந்தும் ஐந்தும் சேர இருபது. 'ஒரு ஸ்பேட்' என்று திறக்கலாம். அதே பத்துப் புள்ளி குட்டை வகைகளில், தனி கிங், தனி குயின் என்று கிடந்தால் விதி சொன்னாலும் திறக்காதே என்பார் மாஸ்ரர். பலம் நீளத்துக்குள் இருக்க வேண்டும். வெளியே சிதறிக் கிடக்கிற பலம் கணக்கில் வருமே தவிர ஆட்டத்தில் வராது.

ஐந்துக்கு ஐந்து வருவது நூறு கைக்கு நாலு. இந்த நாலுக்காக உலகம் எவ்வளவு மூளையைச் செலவழித்திருக்கிறது! ஒரே வாயில் இரண்டு வகையையும் சொல்லிவிடுகிற திறப்புகளைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறார்கள். முயிடர்பேர்க் என்று ஒன்று, ஒல்லாந்தில் உள்ள ஊரின் பெயர். 'இரண்டு ஸ்பேட்' என்று திறந்தால், கை பலமில்லை, ஸ்பேட் ஐந்து இருக்கிறது, கிளாவரிலோ டயமனிலோ நாலாவது இருக்கிறது என்று அர்த்தம். ஒல்லாந்தர் பெயர் இங்கே வந்து விழுந்தது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. யாழ்ப்பாணத்தை 1658 இல் பிடித்து நூற்றுமுப்பத்தேழு வருடம் வைத்திருந்தவர்கள் அவர்கள். எங்கள் பாட்டன்மார் கிளாவர் என்று சொல்லவில்லை, களாவர் என்றார்கள். டயமனுக்கு ரூவிதன், ஹாட்ஸுக்கு ஆடுதன். எல்லாம் ஒல்லாந்துச் சொல். சிங்களவரும் அதே சொற்களைத் தங்கள் வாய்க்கேற்ப எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு சண்டைக்குள்ளும் பொதுவாகக் கிடக்கிற ஒன்று. ஜாக்கும் ஒன்பதும் பெரிதாக இருக்கிற எங்கள் 304 உம் ஒல்லாந்தின் பழைய ஆட்டங்களின் வழி வந்திருக்கலாம் என்று ஆட்ட வரலாறு எழுதுகிறவர்கள் கருதுகிறார்கள். அங்கே ஜாக்கும் ஒன்பதும் துரும்பில் மட்டும்தான் பெரிது. எங்களிடம் எல்லா வகையிலும். தென்னாபிரிக்காவில் டர்பனில், 1860 க்குப் பிறகு கரும்புக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் பிள்ளைகள் துனி என்று ஒன்று விளையாடுகிறார்கள். அதிலும் ஜாக் 30, ஒன்பது 20, மொத்தம் 304.

காட்ஸ் என்றால் சூது, குடி, குடும்பம் நாசம் என்று சொல்கிற அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்வது: 2018 இல் யக்கார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். இந்தியாவின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வாங்கினார்கள். ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56. அதற்கும் அம்மா சொன்னது, "அதுகள் வேலைக்குப் போகாததுகளாக்கும்."

பிரிட்ஜை வீட்டுக்கு வீடு கொண்டுபோன ஈலி கல்பேட்சனின் கதையை மாஸ்ரர் சொல்லித்தான் அறிந்தோம். 1891 இல் ருமேனியாவில் பிறந்தவர். தகப்பன் அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர், தாய் ரஷ்யப் பெண். 1917 புரட்சியில் ரஷ்யாவில் இருந்த குடும்பச் சொத்தெல்லாம் போய்விட்டது. மனிதர் பாரிசில் காட்ஸ் விளையாடி வயிறு கழுவினார். 1921 இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1930 இல் அவர் எழுதிய நீலப் புத்தகம் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனது. 1931 கடைசியில் தொடங்கி நியூயோர்க்கில் சிட்னி லென்சோடு 150 சுற்று ஆடி வென்றது பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்தது. அவர் போதித்ததன் சாரம், பெரும்பாலும் ஒன்றில் தொடங்கு, பாட்னரின் பதிலைக் கேட்டுத் தடவித் தடவிப் போ என்பது. நாடும் காசும் ஒரே நாளில் போன ஒருவனுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மாஸ்ரர் சிரித்தார். "இல்லையடா, அது கணக்கு" என்றார்.

எங்களுக்கு மிகவும் அந்நியமாகப் பட்டது பிரிட்ஜின் இன்னொரு சட்டம். 304 இல் துரும்பு கவிழ்ந்து கிடக்கும். பாட்னருக்கும் தெரியாது. ஒருவர் வகை தீர்ந்து வேறு கடதாசியைக் கவிழ்த்துப் போட, துரும்பு வைத்தவர் அதைத் தூக்கிப் பார்த்துத் துரும்பாக இருந்தால்தான் எல்லோருக்கும் வெளிக்கும். மறைப்பதுதான் ஆட்டம். பிரிட்ஜில் மறைக்கவே கூடாது. எங்கள் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எதிரி கேட்டால் பாட்னர் சொல்லியாக வேண்டும். இரண்டு பேருக்குள் இரகசிய உடன்பாடு வைத்திருந்தால் அது களவு. கையிலிருக்கிற கடதாசி இரகசியம், வாயிலிருந்து வந்த வார்த்தை பகிரங்கம். இதை ஏற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு குளிர்காலம் எடுத்தது. நாங்கள் வளர்ந்த காலத்தில் துரும்பைக் கவிழ்த்து வைத்தவர்கள்தான் உயிர் தப்பினார்கள்.

இனிக் கோப்பை கழுவுகிறவர். அவரைத் தம்பி என்று சொல்லிக்கொள்வோம். 2011 வசந்தத்தில் வந்தவர். வன்னி. வந்து அகதி கேட்ட எல்லோருக்கும் அப்போது ஒரு படிவம் கொடுப்பார்கள், தனிநபர் தகவல் படிவம். 28 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். (2012 டிசம்பருக்குப் பிறகு வந்தவர்கள் நிரப்புவது வேறு படிவம்.) அதில் ஏன் நாட்டை விட்டு வந்தாய் என்று கேட்டு இடம் விட்டிருப்பார்கள். அதுதான் முதற் கேள்வி. விசாரணையில் நீங்கள் சொல்வதையெல்லாம் அந்தத் தாளோடு வைத்துப் பார்ப்பார்கள். தாளில் இல்லாதது பிறகு வாயில் வந்தால், ஏன் அப்போதே எழுதவில்லை என்பார்கள். தாளில் இருந்தது வாயில் வராவிட்டாலும் அதே.

தம்பியின் கையில் இரண்டு வகை. ஒன்று: 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தது, அங்கிருந்து விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்டது, அங்கே நடந்தது. அது பலமான வகை. முதுகில் அடையாளமும் இருந்தது. மற்றது: 2008 இல் வீட்டுக்கொரு ஆள் என்று புலிகள் பிடித்துக்கொண்டு போய் நாலு மாதம் பங்கர் வெட்ட விட்டது. முதலாவது ஏன் நடந்தது என்று கேட்டால் இரண்டாவதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவதைச் சொன்னால், 2006 ஏப்ரலிலிருந்து கனடாவின் பயங்கரவாதப் பட்டியலில் உள்ள இயக்கத்தில் இருந்தவன் என்று கதவே பூட்டப்படலாம். ஒரு வகை மற்ற வகையைக் காட்டிக்கொடுக்கிற கை.

ஆலோசனைக்குக் குறைவில்லை. கோயிலில் ஒருவர் சொன்னார், பங்கரை விடு, ஆமியை மட்டும் எழுது. கடைக்குச் சாப்பிட வந்த ஒருவர் சொன்னார், இரண்டையும் விடு, வேறு ஒன்று தருகிறேன், நல்ல கதை, மூன்று பேர் வென்றிருக்கிறார்கள். காசும் சொன்னார். எங்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. ஆளைக் காப்பாற்றுவதா உண்மையைக் காப்பாற்றுவதா என்று ஒரு திங்கட்கிழமை முழுக்கக் காட்ஸைத் தொடாமல் கதைத்தோம். தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மாஸ்ரர் பக்கம் திரும்பினார்.

"மாஸ்ரர், நீங்கள் அண்டைக்குச் சொன்னியள், சொல்ல இடமில்லாட்டி ரெண்டாவதை மனசுக்குள்ள வைக்கலாமெண்டு."

"அது காட்ஸ். காட்ஸுக்குச் சொன்னது காட்ஸுக்குத்தான். அங்க தோத்தால் அடுத்த கை போடலாம். உதைக் கொண்டுபோய் சட்டத்தரணியிட்டக் கேள், எங்களிட்டக் கேளாதை."

எங்களுக்குக் கோபம் வந்தது. வயதான மனிதர், ஆங்கிலம் தெரிந்தவர், ஒரு சொல் சொல்லக்கூடாதா என்று. ஆனால் அவர் சொல்லாததோடு நிற்கவில்லை. அடுத்த நாள் காலையில் தானே தம்பியைக் கூட்டிக்கொண்டு, அந்த நாட்களில் ஓடிய ரயிலில், நகரத்துக்குப் போனார். சட்ட உதவியில் கிடைத்த சட்டத்தரணி ஒரு பெண். மொழிபெயர்ப்புக்கு ஆள் வரும் வரை காத்திருக்காமல் மாஸ்ரரே இருந்து சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண் எது பலம் எது பலமில்லை என்று பார்க்கவில்லை. திகதி வரிசையில் எழுது என்றார். ஆக 2008 தான் முதலில் வந்தது. யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, தாய் எங்கே நின்றார், மண்வெட்டி யார் தந்தது, எப்படி ஓடிவந்தாய். பிடித்துக்கொண்டு போனதற்கும் போய்ச் சேர்ந்ததற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு, அந்த வித்தியாசம் சின்னச் சின்ன விபரத்தில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னாராம். பலமில்லாத வகையை முதலில் திறக்கிற கையை நாங்கள் அன்றைக்குத்தான் கண்டோம்.

விசாரணை உடனே வரவில்லை. 2012 டிசம்பர் 15 இல் புதிய முறை வந்தபோது அதற்கு முந்திய கோப்புகளில் பல பின்னால் ஒதுங்கிவிட்டன. புதிதாக வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் திகதி கிடைத்தது, தம்பிக்கு வருடக்கணக்கில் கிடைக்கவில்லை. 2017 இல் பழைய கோப்புகளை முடிப்பதற்கென்று தனி அணி அமைத்தார்கள். 2018 இல் கடிதம் வந்தது. ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் தாய் கிளிநொச்சியில் செத்துப்போனார். தம்பி குசினியில் இருந்து ஸ்கைப்பில் பார்த்தார். கோப்பை கழுவுகிற தண்ணீரைப் பூட்ட மறந்து அது ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் போய்ப் பூட்டவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் இரவு அவர் அந்தப் படிவத்தின் பிரதியை எங்களுக்கு முன் வாசித்தார். ஏழு வருடத்துக்கு முந்திய தன் சொற்களை ஒரு மனிதன் பாடமாக்குவதைப் பார்த்தோம். நடந்தது மறக்கவில்லை, எழுதியதுதான் மறந்துவிட்டது. அறையில் மூன்று மணித்தியாலம். அதில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அந்த நாலு மாதம் பற்றித்தான் கேட்டார்களாம். பங்கர் எத்தனை அடி ஆழம் என்று கேட்டார்கள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இவ்வளவு என்றாராம். முகாமைப் பற்றி, முதுகைப் பற்றி, பத்து நிமிசம். ஆறு கிழமையில் ஏற்றுக்கொண்டோம் என்று தபால் வந்தது.

அவருக்குக் கிடைத்ததால் அந்த வழிதான் சரியென்று எழுத எங்களுக்குத் துணிவில்லை. பிரிட்ஜ் போட்டிகளில் ஒரே கையை எல்லா மேசையிலும் போட்டு விளையாட விடுவார்கள், அதிர்ஷ்டத்தைக் குறைப்பதற்காக. ஆனாலும் ஒவ்வொரு மேசையிலும் வேறு வேறு முடிவு வரும். ஒரே ஊர், ஒரே முகாம், ஒரே மாதத்தில் வந்த இன்னொரு பொடியனை எங்களுக்குத் தெரியும். அவனும் எல்லாவற்றையும்தான் எழுதினான். அவன் இப்போது கனடாவில் இல்லை.

மாஸ்ரர் 2021 மாசியில் காலமானார். கோவிட் காலம், பத்துப் பேருக்குத்தான் அனுமதி, நாங்கள் வெளியில் பனிக்குள் காருக்குள் இருந்தோம். அவருடைய பிரிட்ஜ் புத்தகங்களை மகள் எங்களிடம் தந்துவிட்டார். பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கிறார், ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். ஐந்துக்கு ஐந்து கைகள் வருகிற அத்தியாயத்தில் மட்டும் ஓரிடத்தில் தமிழில் 'பங்கர்?' என்று இருக்கிறது. ஏன் எழுதினார், எப்போது எழுதினார் என்று கேட்க ஆளில்லை.

தம்பி இப்போது பிரம்ரனில் லொறி ஓட்டுகிறார். நத்தாருக்கு வருவார். ஆகவே திங்கட்கிழமைகளில் எங்களுக்கு ஒரு ஆள் குறைகிறது. மேற்குப் பக்கம் இருக்கிற வாசகர்கள் யாராவது இருந்தால் வரலாம். பிரிட்ஜ் தெரிந்திருக்கத் தேவையில்லை, 304 போதும். மாலை ஐந்து மணிக்குப் பிறகு. ஸ்பேட் ஜாக் ஏழும், ஹாட்ஸ் ஒன்பது ஏஸும் வந்தால் எதைக் கவிழ்ப்பீர்கள் என்பதை வாசலிலேயே கேட்போம்.